பென்னி லாவா: நம்ம பாட்டு, நமக்கு மட்டும் கேட்காத ஜோக்

மொட்டைமாடி_முருகு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம். இன்றைக்கு ஆபீசில் நடந்ததைப் பார்த்து எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் பக்கம். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த டச்சுக்காரர், நாற்பது வயது இருக்கும், மதியச் சாப்பாட்டில் என்னிடம் "நீ பேசுவது ஹிந்தியா?" என்று கேட்டார். இல்லை, தமிழ் என்றேன். மனுஷன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார், தோளை ஒரு குலுக்கு குலுக்கினார், "மை லூனி பன் இஸ் ஃபைன், பென்னி லாவா!" என்று ராகம் மாறாமல் பாடினார். பக்கத்து மேஜையில் இருந்த போலந்துக்காரப் பெண் திரும்பிப் பார்த்து அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2000-ல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவாவும் ஜெயா சீலும் ஆடும் 'கல்லூரி வானில்' பாட்டு. 2007 ஆகஸ்டில், அமெரிக்காவில் ஒஹாயோவைச் சேர்ந்த ஒருவர், யூடியூபில் பஃபலாக்ஸ் என்ற பெயரில் இருந்தவர், அந்தப் பாட்டுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு ஏற்றினார். ஆடியோவில் கை வைக்கவில்லை, படத்தில் கை வைக்கவில்லை. சப்டைட்டிலும் அர்த்தம் சொல்வதற்கு இல்லை. தமிழே தெரியாத அவர் காதுக்கு அந்த வரிகள் இங்கிலீஷில் எப்படிக் கேட்டதோ அதை அப்படியே எழுதினார். அவ்வளவுதான் வேலை. அது உலகம் முழுக்கப் போய், இத்தனை வருஷம் கழித்து என் சாப்பாட்டு மேஜைக்கு வந்து நிற்கிறது.

என் சந்தேகம் இதுதான். லட்சம் பேர் பாட்டைக் கிண்டல் செய்து வீடியோ போடுகிறார்கள். முக்கால்வாசி போட்டவன் நண்பர்கள் நாலு பேரோடு செத்துப் போகிறது. இது மட்டும் ஏன் மீம் ஆனது?

உளுந்தவடை_ஓட்டை:

ஏனென்றால் பிரபுதேவா இடுப்பு. இழையை மூடிவிடலாம் தலைவரே.

பழைய_கேசட்:

உளுந்தவடை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, சிரிக்காதீர்கள். அந்தப் பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு கூட்டம் வரிசை கட்டி ஆடுகிறது, முன்னால் இவர் கால் தரையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வார்த்தை புரியாதவனுக்கும் அந்த ஆட்டம் போதும், கண்ணை எடுக்க மாட்டான். அசைவில்லாத ஒரு பாட்டுக்கு இதே சப்டைட்டிலைப் போட்டிருந்தால் இரண்டாவது வரியிலேயே மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

தகவலுக்கு: இயக்கம் எழில், இசை எஸ்.ஏ.ராஜ்குமார், சரத்குமாரும் உண்டு. எனக்கு இந்தப் படத்தின் கேசட் இன்னும் இருக்கிறது. எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தில் 2000, 2001 வாக்கில் லைட் மியூசிக் குழு இதைப் பாடாமல் பந்தி முடியாது. அப்புறம் மறந்தே போய்விட்டோம். ராஜ்குமார் என்றால் எல்லோருக்கும் 'லாலாலா' கோரஸ்தான் ஞாபகம் வரும், இந்தப் பாட்டு யாருக்கும் முதலில் வராது. வேறு நாட்டில் யாரோ இதை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பது 2010-ல் என் மச்சான் மகன் காட்டித்தான் எனக்கே தெரியும். அவன் பிறந்தது அங்கே, அமெரிக்காவில். "மாமா, உங்களுக்குப் பென்னி லாவா தெரியுமா?" என்று கேட்டான். ஏதோ புது இங்கிலீஷ் நடிகன் போல என்று நினைத்தேன்.

செவிடன்காதுச்சங்கு:

முருகு, நல்ல கேள்வி. நான் மொழியியல் படித்தவன் இல்லை, பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், காதோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. அந்த முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கல் லூ ரி வா னில் காய்ந் த நி லா வோ. பத்து அசை.
மை லூ னி பன் இஸ் ஃபைன் பென் னி லா வா. இதுவும் பத்து.

இப்போது ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'லூரி' அங்கே 'லூனி' ஆகிவிட்டது. இரண்டுமே நாக்கு நுனி மேலே போய்த் தட்டும் ஒலிகள், வேகத்தில் வித்தியாசம் தெரியாது. 'வானில்' 'பன் இஸ்' ஆகிறது. 'காய்ந்'துக்கு 'ஃபைன்': அந்த 'ஆய்' கொஞ்சமும் மாறவில்லை, முன்னால் உள்ள மெய் மட்டும் மாறியிருக்கிறது. 'நிலாவோ'வில் 'லா' நெடிலாக இழுக்கிறது, 'லாவா'விலும் அதே இடத்தில் அதே இழுப்பு.

இரண்டாவது வரி இன்னும் அழகு. 'மாணவர் நெஞ்சில் மேய்ந்த நிலாவோ' என்பது 'மைனர் பன் எஞ்சின் மேட் பென்னி லாவா'. மறுபடியும் பத்துக்குப் பத்து. 'நெஞ்சில்' என்பதற்குள் ஒரு எஞ்சின் உட்கார்ந்திருந்தது என்பது ஐம்பது வருஷம் தமிழ் பேசிய எனக்குத் தெரியவில்லை. ஒஹாயோக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது.

மெய்யெழுத்தைக் காது சுலபமாக விட்டுக்கொடுத்துவிடும். உயிரையும் தாளத்தையும் விடாது. அவற்றை அந்த ஆள் பெரும்பாலும் தொடவில்லை, அதனால்தான் ஒட்டுகிறது. நீங்கள் இஷ்டத்துக்கு ஏதாவது வேடிக்கையான வரியைப் போட்டிருந்தால் சிரிப்பு வரும், ஆனால் 'கேட்காது'. இது கேட்கிறது. 2018-ல் யானியா லாரலா என்று ஒரு ஆடியோவுக்கு ஊரே அடித்துக்கொண்டதே, அதே கதைதான். என்ன கேட்கப் போகிறது என்று எழுதிக் காட்டிவிட்டால், அரைகுறையாக வரும் ஒலியை மூளை அந்த எழுத்துக்கு ஏற்ற மாதிரி நிரப்பிக்கொள்ளும். ஒரு தடவை நிரப்பிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது.

உளுந்தவடை_ஓட்டை:

ஒரு நிமிஷம். 'மேய்ந்த நிலாவோ' என்றா வருகிறது? நிலா மாணவர் நெஞ்சில் மேய்ந்ததா? மாடு மாதிரியா? இத்தனை வருஷம் நான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. பென்னி லாவாவே கொஞ்சம் பரவாயில்லை போல.

கடுகு_தாளிப்பு:

டொராண்டோவில் இருந்து. சங்கு அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு வீட்டிலேயே சோதனை செய்தேன். என் மகளுக்குப் பதினைந்து வயது, தமிழ் புரியும் ஆனால் பாட்டு வரி புரியாது. மாமியாருக்கு எழுபத்தொன்று, இங்கிலீஷ் அவ்வளவாக இல்லை. இரண்டு பேரையும் சோபாவில் உட்கார வைத்து அந்தச் சப்டைட்டில் வீடியோவைப் போட்டேன்.

மகள் பத்தே நொடியில் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மாமியார் "நல்ல பாட்டுதானே, இந்தப் பிள்ளை எதற்குச் சிரிக்கிறாள்?" என்று என்னைக் கேட்டார்கள். நான் நடுவில். எனக்கு முதலில் 'கல்லூரி வானில்' மட்டும்தான் கேட்டது. மகள் "அம்மா, நீங்க தமிழை ஆஃப் பண்ணிட்டுக் கேளுங்க" என்றாள். எங்கே இருக்கிறது அந்தச் சுவிட்ச்? மூன்றாவது தடவை, பாட்டைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் வெறித்துப் பார்த்தபோது, திடீரென்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பென்னி லாவா கேட்டது. உடனே போய்விட்டது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, சொந்த வீட்டில் விளக்கு அணைந்த மாதிரி.

நெல்லை_அல்வாத்துண்டு:

எல்லோரும் ரொம்ப ரசித்து எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கெடுக்கிறேன். மன்னிக்கவும்.

அந்த வீடியோவுக்கு அவர் வைத்த தலைப்பு என்ன? 'கிரேஸி இந்தியன் வீடியோ'. அங்கேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பாட்டு எழுதியவர் யார், இசை யார், எந்த மொழி, ஒன்றும் கிடையாது. 'பைத்தியக்கார இந்தியர்கள், வாருங்கள் பார்ப்போம்' என்று கூட்டம் கூட்டியதுதான். நான் 2008-ல் அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போனபோது, உடன் தங்கியவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பென்னி என்றுதான் கூப்பிடுவான். பெயர் வாயில் நுழையவில்லையாம். ஆறு மாசம் பொறுத்துப் பார்த்தேன், ஏழாவது மாசம் அறை மாறினேன். அவனுக்கு அது ஜோக். எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காமல் போய்விட்டது. ஆட்டத்தை ரசித்தார்கள், தாளம் பிடித்தது என்பதெல்லாம் சரி. ஆனால் இந்தச் சிரிப்பில் ஒரு பங்கு, கறுத்த முகமும் பளபள சட்டையும் பார்த்து வந்த சிரிப்பு. அதை மறைத்துவிட்டு 'உயிரெழுத்து, தாளம்' என்று மட்டும் பேசினால் எப்படி?

இதே ஆள் தெலுங்கில் சிரஞ்சீவி ஆடிய 1985 'தொங்கா' படப் பாட்டையும் விடவில்லை, மைக்கேல் ஜாக்சன் 'த்ரில்லர்' பாணியில் எடுத்தது. பேய் வேஷத்தில் ஆடும் பாட்டு, அதுவும் சக்கைப்போடு போட்டது. எப்போதும் நம்ம ஊர்ப் பாட்டுதான் கிடைக்கிறதா?

உளுந்தவடை_ஓட்டை:

அல்வா அண்ணாச்சி, உங்கள் அறைத் தோழன் செய்தது அசிங்கம், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நாம் மட்டும் என்ன யோக்கியமா? நம்ம காமெடி டிராக்கில் சேட்டு வந்தால் 'நம்பள் நிம்பள்' என்றுதான் பேசுவார். சீனாக்காரன் வந்தால் டின்னை உருட்டிய மாதிரி ஒரு சத்தம். யாராவது எழுந்து "அது எந்த ஊர் வட்டார வழக்கு?" என்று கேட்டோமா? சிரித்துவிட்டுப் பாப்கார்ன் சாப்பிட்டோம்.

அப்புறம் தப்பாகக் கேட்பதற்கு வெளிநாட்டான் வேண்டியதில்லை. எனக்கு அஞ்சாம் வகுப்பு வரை தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு நரி இருந்தது. 'தரித்தநறும் திலகமுமே' என்று வருகிறதே, அதில். தினமும் காலை பிரேயரில் கண்ணை மூடிக்கொண்டு அந்த நரியை நினைத்துக்கொள்வேன், நெற்றியில் பொட்டு வைத்த நரி. ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயா பொருள் சொன்ன அன்று நரி செத்துப்போனது. இன்னும் வருத்தம்தான்.

மொட்டைமாடி_முருகு:

நரிக்கு அஞ்சலி.

அல்வா, நீங்கள் சொன்னது எனக்கு நெஞ்சில் தைத்தது (எஞ்சினில் தைத்தது என்று எழுதப் போனேன், பாருங்கள், தொற்றிக்கொண்டுவிட்டது). அதைத் தள்ளிவிடவில்லை. ஆனால் கேலி மட்டும்தான் காரணம் என்றால் இது இவ்வளவு நாள் ஓடியிருக்காது என்று தோன்றுகிறது. யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்று.

சாதாரணமாக ஒரு பாட்டைக் கிண்டல் செய்தால், அசல் தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும். விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்த காலத்தில் படத்தைப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தவன் முழித்துக்கொண்டிருப்பான். கட்சி மேடையில் சினிமா மெட்டில் எதிர்க்கட்சியைத் திட்டிப் பாடுவார்களே, மெட்டு தெரிந்ததால்தான் கைதட்டல். அமெரிக்காவில் பகடிப் பாட்டுக்காரர் வியர்ட் ஆல் யான்கோவிக் இத்தனை வருஷமாகச் செய்வதும் அதுதான். அசல் ஹிட் ஆகி, எல்லோர் வாயிலும் புகுந்த பிறகுதான் அவர் கடையைத் திறப்பார்.

பென்னி லாவா தலைகீழ். அசல் தெரிந்தவன் வெளியே. தெரியாதவன்தான் உள்ளே. தமிழ் தெரிந்தால் ஜோக் கேட்காது, கடுகு அக்கா சொன்ன மாதிரி ஒரு நொடி கேட்டு ஓடிவிடும். அப்படியென்றால் இந்த வீடியோவுக்கு ரசிகர் யார்? இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த, தமிழ் தெரியாத உலகம் முழுவதும். முன்கதை வேண்டாம், படம் பார்த்திருக்க வேண்டாம், அரசியல் தெரிய வேண்டாம். காது இருந்தால் போதும். ஒரு பகடிக்கு இதைவிடப் பெரிய வாசல் கிடைக்காது.

இன்னொன்று, 'பென்னி லாவா' என்பது ஒரு பெயர் மாதிரி இருக்கிறது. ஆள் பெயர். பிரபுதேவா என்று தெரியாதவர்கள் அவரையே அந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள், அவருடைய வேறு பாட்டுகளின் கீழேயும் போய் எழுதுகிறார்கள். வீடியோவை விட்டுப் பிரிந்து தனியாக நடக்கத் தெரிந்த இரண்டு சொல். சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்தது அதுதான், வீடியோ வரவில்லை.

வெட்டி_ஒட்டி:

எடிட்டிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் உள்ளே வருகிறேன்.

முருகு அண்ணே, வைரல் ஆவது வேறு, மீம் ஆவது வேறு. ஒரே வீடியோவை கோடிப் பேர் பார்த்தால் வைரல். பார்த்தவனில் நூறு பேர் 'நானும் ஒண்ணு செய்றேன்' என்று கிளம்பினால் மீம். மீம்களைப் பற்றி எழுதிய லிமோர் ஷிஃப்மன் என்ற ஆய்வாளர்கூட இப்படித்தான் பிரிக்கிறார். பஃபலாக்ஸ் விஷயத்தில் நடந்தது அதுதான். அவர் பெயரே வினைச்சொல்லாக மாறி, இந்த மாதிரிச் சப்டைட்டில் போட்ட வேற்றுமொழிப் பாட்டையெல்லாம் 'பஃபலாக்ஸ்டு' என்றார்கள். ஏன் அத்தனை பேர் செய்தார்கள்? செலவில்லை. பாடத் தெரிய வேண்டாம், கேமரா வேண்டாம், மூஞ்சியைக் காட்ட வேண்டாம். அப்போது கம்ப்யூட்டரோடு வந்த மூவி மேக்கர் போதும்.

போதும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் செய்து பார்த்தால்தான் தெரியும் பாடு. 2009-ல் ஹாஸ்டலில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தலைகீழாகச் செய்தோம்: ஒரு வெளிநாட்டுப் பாட்டுக்குத் தமிழ் வரி. அதில் ஓரிடம் 'மாமா தோசை எங்க' என்று சுத்தமாகக் கேட்கும், சத்தியமாக. அந்த ஒரு வரிக்காக மீதி முப்பது வரியைத் தேடினோம். நாற்பது நொடிக்கு இரண்டு ராத்திரி. ஒரு வரியை இருபது முப்பது தடவை ஓட்டுவோம், நான் ஒன்று சொல்வேன், அவன் ஒன்று சொல்வான், மூன்றாமவன் தூங்கி எழுந்து வந்து சொன்னதுதான் கடைசியில் பொருந்தும், ஏனென்றால் அவன் காது மட்டும்தான் கெடாமல் இருந்தது.

அதில் கற்றுக்கொண்டது, எழுத்து குரலுக்கு அரை நொடி முன்னால் வர வேண்டும். குரலோடு சேர்ந்து வந்தால் காது அதற்குள் வேறு எதையோ பிடித்துக்கொள்கிறது. பின்னால் வந்தால் கதை முடிந்தது. பஃபலாக்ஸ் வீடியோவை இந்தக் கண்ணோடு பாருங்கள், ஆள் இதில் கில்லாடி. அப்புறம் 'பன்', 'பன்' என்று திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் கவனித்தீர்களா? 'யூ நீட் எ பன் டு பைட்' என்று பின்னால் ஒரு வரி. தனித்தனியாகப் பைத்தியம் பிடித்த வரிகள், ஆனால் நடுவில் ஒரு பன் உருண்டுகொண்டே போகிறது. அதனால் ஏதோ கதை இருக்கிற மாதிரி ஒரு மயக்கம். சும்மா தப்பாகக் கேட்டவன் வேலை இல்லை இது, உட்கார்ந்து எழுதியவன் வேலை.

எங்கள் வீடியோ என்ன ஆனது என்று கேட்காதீர்கள். ஏற்றி மூன்றாம் நாள் ஒரு ஆடியோ கம்பெனி உரிமை கோரியது, சத்தம் இல்லாமல் ஊமைப் படமாக நின்றது. தப்பாகக் கேட்ட வரியை வைத்துப் பண்ணிய வீடியோவில் சத்தம் இல்லை என்றால் என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்கள். தோசை என்ற எழுத்து மட்டும் இருந்தது.

பழைய_கேசட்:

வெட்டி தம்பி, பகடிக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்கிறார்களே? அமெரிக்காவில் ஏதோ கேஸ்கூட உண்டே.

வெட்டி_ஒட்டி:

உண்டு சார். 'ஓ ப்ரெட்டி வுமன்' பாட்டை 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு கிண்டல் செய்து பாடியது, உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 1994-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பணத்துக்கு விற்ற பகடியாக இருந்தாலும் நியாயமான பயன்பாடாக இருக்க முடியும் என்று சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு பேசும் பகடி அசல் பாட்டையே விமர்சிப்பது. பென்னி லாவா 'கல்லூரி வானில்' பாட்டைப் பற்றி என்ன விமர்சனம் சொல்கிறது? ஒன்றும் இல்லை. மேலும் அவர்கள் புதிதாகப் பாடினார்கள். இங்கே படமும் ஒலியும் முழுசாக அசல். இந்தியாவில் 1957 சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விமர்சனம், திறனாய்வு என்று இருக்கிறது, பகடி என்ற சொல்லே கிடையாது. அதையெல்லாம் விடுங்கள், யூடியூபில் முதலில் பிடிப்பது மெஷின்தான், அதற்கு ஜோக் புரியாது. பஃபலாக்ஸின் பழைய கணக்கே பிற்பாடு இல்லாமல் போனது. இப்போது நாம் பார்ப்பது எல்லாம் யார் யாரோ எடுத்து மறுபடி ஏற்றியவை. சொல்லப்போனால் அதுவும் ஒரு காரணம். ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஒரே வீடியோவாக முடிந்திருக்கும். அழிக்க அழிக்க ஆளாளுக்கு வைத்துக்கொண்டார்கள்.

யாழ்_மழைக்குருவி:

லண்டனில இருந்து. வெட்டி சொன்னதைப் பார்க்க எனக்கு நூமா நூமா ஞாபகம் வருது. மால்டோவாவைச் சேர்ந்த ஓ-சோன் என்ற குழு ருமேனிய மொழியில் 2003-ல் பாடின பாட்டு. 'நு ம இயெய்' என்று வரும், 'என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை' என்று அர்த்தமாம், சோகப் பாட்டு! ஜப்பான்காரருக்கு அது 'நொமா நொமா யேய்' என்று கேட்டிருக்கு, அவையின்ட மொழியில 'குடி, குடி' என்ற மாதிரி. உடனே பூனைகள் ஆடுகிற ஒரு ஃப்ளாஷ் அனிமேஷன் செய்து விட்டார்கள். அதைப் பார்த்த ஒரு அமெரிக்கப் பையன் வெப்கேம் முன்னால் நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டி வாயசைத்து 2004 டிசம்பரில் போட்டதுதான் உலகம் முழுக்கப் போனது. மால்டோவா, ஜப்பான், நியூ ஜெர்சி. ஒருத்தருக்கும் மற்றவரின்ட மொழி தெரியாது.

இதில நல்ல சண்டையும் நடந்தது. அந்தப் பாட்டை ஜப்பானில் வெளியிட்ட ஏவெக்ஸ் கம்பெனி, இணையத்தில எல்லோருமாகச் சேர்ந்து வரைந்து வளர்த்த பூனை உருவத்தைக் கொஞ்சம் மாற்றி 2005-ல் தன் பொருளாக விற்கப் பார்த்தது, வணிகச் சின்னப் பதிவுக்கும் விண்ணப்பம் போனது. சனம் விடவில்லை. கடைசியில் பதிவு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது. பாட்டு கம்பெனியின்டது, சரி. தப்பாகக் கேட்டது யாருடையது?

செவிடன்காதுச்சங்கு:

மழைக்குருவி அருமை. ஜப்பான்காரர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: 'சொராமிமி'. மிமி என்றால் காது. சொரா என்று எழுதும் எழுத்துக்கு வானம் என்றும் வெறுமை என்றும் பொருள். வான்காது என்று சொல்லலாமா, வெறுங்காது என்று சொல்லலாமா? 'கல்லூரி வானில்' கதைக்கு வான்காதுதான் பொருத்தம். 1992-ல் இருந்து அங்கே டிவியில் இதற்கென்று ஒரு பகுதியே ஓடியது, பார்வையாளர்கள் வெளிநாட்டுப் பாட்டில் தங்களுக்குக் கேட்ட ஜப்பானிய வரியை அனுப்புவார்கள், அதை நடித்துக் காட்டுவார்கள்.

இங்கிலீஷில் 'மாண்டக்ரீன்' என்பார்கள். சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் 1954-ல் வைத்த பெயர். சின்ன வயதில் அம்மா வாசித்த கதைப்பாடலில் 'லெய்ட் ஹிம் ஆன் த க்ரீன்', அதாவது 'அவனைப் புல்வெளியில் கிடத்தினார்கள்' என்பது அவருக்கு 'லேடி மாண்டக்ரீன்' என்று கேட்டது. அந்தக் கதையில் செத்த பிரபுவோடு சேர்ந்து ஒரு சீமாட்டியும் செத்ததாக நினைத்து வருத்தப்பட்டிருக்கிறார். நம்ம உளுந்தவடையின் நரி மாதிரியே.

முருகு, உங்கள் டச்சுக்காரரிடம் 'மாமா ஆப்பல்சாப்' என்று சொல்லிப் பாருங்கள். மைக்கேல் ஜாக்சன் 'மாமாசே மாமாசா' என்று பாடுவது அவர்களுக்கு 'அம்மா, ஆப்பிள் ஜூஸ்' என்று கேட்கும். ரேடியோவில் அதே பெயரில் ஒரு பகுதியே வந்தது.

ஸ்வீடனிலும் 2000 வாக்கிலேயே லெபனான் பாடகர் அசார் ஹபீபின் அரபிப் பாட்டை 'தொப்பி உன்னுடையது' என்று கேட்டு ஃப்ளாஷ் அனிமேஷன் செய்தார்கள். ஆக பஃபலாக்ஸ் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யூடியூப் 2005-ல் தொடங்கி, 2007-ல் எல்லோர் வீட்டிலும் நுழைந்துகொண்டிருந்த நேரத்தில் கையில் நல்ல சரக்கோடு நின்றார்.

நெல்லை_அல்வாத்துண்டு:

சரி, ஜாக்சனையும் விட்டுவைக்கவில்லை என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் ஜாக்சன் யார் என்று டச்சுக்காரனுக்குத் தெரியும், அவன் சிரிப்பு தன் காதைப் பார்த்து. பிரபுதேவாவை யாரென்றே தெரியாமல் சிரிப்பது அதே சிரிப்பு இல்லை. இதில் என் கட்சி மாறாது. உளுந்தவடை சொன்ன சேட்டு ஜோக்கும் எனக்குப் பிடிக்காது, அதையும் எழுதி வைக்கிறேன்.

பழைய_கேசட்:

அல்வா சொல்வதும் நியாயம்தான், ஒருவேளை இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நான் இன்னொரு பக்கம் போகிறேன். நம்ம ஆட்களும் வார்த்தையைப் பெரிதாக மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. 2010-ல் 'தமிழ்ப்படம்' வந்ததே, அதில் 'ஓ மகசீயா' ஞாபகம் இருக்கிறதா? முழுப் பாட்டும் நம்ம சினிமாப் பாட்டுகளில் அர்த்தமே இல்லாமல் வந்த சத்தங்களைப் பொறுக்கிக் கோத்தது. ஹரிஹரன் உருகி உருகிப் பாடியிருப்பார், காதல் பாட்டு மாதிரியே கேட்கும். பஃபலாக்ஸ் வெளியே நின்று 'எனக்கு இப்படிக் கேட்கிறது' என்றார், இவர்கள் உள்ளே நின்று 'எங்களுக்கே அப்படித்தான்' என்றார்கள். ஆனால் அதற்குச் சிரிக்க நாற்பது பழைய பாட்டு தெரிந்திருக்க வேண்டும், முருகு சொன்ன அதே கணக்கு. அது நம்ம ஊரைத் தாண்டவில்லை.

அடுத்த வருஷம் 2011 நவம்பரில் கொலவெறி தாண்டியது. தமிழும் இங்கிலீஷும் உடைந்து கிடந்த பாட்டு, யார் வேண்டுமானாலும் தன் வரியைப் போட்டுக்கொள்ளலாம், போட்டார்கள். வெங்காய விலைக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று. எங்கள் பேங்கில் மார்ச் கணக்கு முடிக்கும் போது நானே ஒன்று எழுதினேன். மேனேஜர் ரசிக்கவில்லை.

கடுகு_தாளிப்பு:

கேசட் சார், அந்த மார்ச் பாட்டை இங்கே போடுங்கள், நாங்கள் ரசிக்கிறோம்.

இங்கே நிலைமை: மாமியார் காலையில் இருந்து சமையல் கட்டில் 'கல்லூரி வானில்' முணுமுணுக்கிறார்கள். மகள் பின்னாலேயே போய் பென்னி லாவா என்று எசப்பாட்டு பாடுகிறாள். ராகம் ஒன்றே, இரண்டு பேரும் முட்டிக்கொள்ளவே இல்லை.

மொட்டைமாடி_முருகு:

கடைசித் தகவல். இன்றைக்கு டச்சுக்காரரிடம் 'மாமா ஆப்பல்சாப்' சொன்னேன், சங்கு சொன்னது பலித்தது, காபியைச் சிந்திவிட்டார். அப்புறம் அவரே கேட்டார், "அந்தப் பாட்டில் உண்மையில் என்னதான் இருக்கிறது?" இத்தனை வருஷமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாராம், கேட்க ஆள் கிடைக்கவில்லை. அல்வா, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வரியை மட்டும் சொல்லலாம் என்று போர்டில் எழுதினேன். கல்லூரி, புரிந்தது. வானம், புரிந்தது. நிலா, சரி. 'காய்ந்த'வில் மாட்டிக்கொண்டேன். வெளிச்சம் போடுவது என்றேன். அப்படியென்றால் இங்கிலீஷில் ஒரே வார்த்தையில் சொல் என்றார். நிலாக் காயும், வெயில் காயும், காயப் போட்ட துணியும் காயும், அடுப்பில் வைத்த எண்ணெயும் காயும், சாப்பிடாவிட்டால் வயிறும் காயும், எல்லாம் ஒரே சொல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். மனுஷன் நோட்டில் எழுதிக்கொண்டார். மொட்டைமாடியில் வடகம் காய்கிற மாதிரி நிலாவும் மேலே கிடந்து காய்கிறது என்று என் வாயில் வந்துவிட்டது. வடகம் என்றால் என்ன என்று கேட்டார். போனில் படம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பன் வரைக்கும் நான் கிட்டத்தட்ட சரியாகத்தான் கேட்டிருக்கிறேன்" என்றார்.

'மேய்ந்த நிலா' நாளைக்கு. தைரியம் உள்ளவர்கள் யாராவது பொருள் எழுதி வையுங்கள்.